பரணுக்குப் போகாத பரிசு

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணிப் பேச்சாளர்களே, இந்தப் பனியிலும் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் நேராக லெமன் செட்டுக்கு வந்துவிடுகிறேன்.

"விசேஷ வீட்டுக்கு ஏற்ற பரிசு காலத்துக்கும் நிற்கும் பொருளா, கரைந்து போகும் பரிசா?" இது தலைப்பு. நான் கரைந்து போகும் பரிசின் பக்கம் பேசுகிறேன். சாப்பிட்டுத் தீர்வது, செலவாகித் தீர்வது, உடம்பால் உழைத்துத் தீர்ப்பது, எல்லாம் என் பக்கம்.

லெமன் செட் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பாருங்கள் ஐயா, நாற்பது வயதுக்கு மேல் இருக்கிற அத்தனை பேரும் தூக்கிவிட்டார்கள்! பின்னால் நிற்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கண்ணாடி ஜக் ஒன்று, கண்ணாடி டம்ளர் ஆறு. ஒவ்வொன்றிலும் மஞ்சளாக ஒரு எலுமிச்சம்பழம், பச்சையாக இரண்டு இலை வரைந்திருக்கும். ஒரு காலத்தில் லெமன் செட் வராத கல்யாணம் கிடையாது.

1994-ல் எங்கள் அக்காவுக்குக் கல்யாணம். லெமன் செட் நான்கு வந்தது. சுவர்க் கடிகாரம் ஏழு. எங்களுடையது இரண்டே அறை உள்ள ஓட்டு வீடு, மொத்தச் சுவரே ஏழு தேறாது! அக்கா போனது சென்னையில் ஒற்றை அறை போர்ஷனுக்கு. "எதையும் அனுப்பிடாதீங்கம்மா, இங்க படுக்கவே இடம் இல்லை" என்று கடுதாசி போட்டுவிட்டாள். அவ்வளவும் எங்கள் பரணுக்குப் போனது. எங்கள் அம்மா எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். எது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு அட்டைப்பெட்டியின் அடியிலும் நீலப் பேனாவால் எழுதி வைத்தார். "லெமன் செட். மேல் பரண். இடது ஓரம்."

இந்த எழுத்தை மறக்காதீர்கள்.

1996-ல் அப்பாவோடு வேலை பார்த்தவர் வீட்டில் கல்யாணம். மாதக் கடைசி, கையில் காசில்லை. அம்மா பரணில் இருந்து ஒரு பெட்டியை இறக்கினார், பழைய ஜிகினாத் தாளைக் கிழித்தார், புதுத் தாளைச் சுற்றினார், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

2006-ல் நாங்கள் ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தார்சு வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தோம். அறந்தாங்கியில் இருந்து தூரத்துச் சொந்தம் ஒருவர் குடும்பத்தோடு வந்து, போட்டோவுக்கு நின்று, அம்மா கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தார். ராத்திரி பந்தியெல்லாம் ஓய்ந்த பிறகு கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அந்தப் பெட்டியைப் பிரித்தது நான். மேலே சிவப்புத் தாள். அதற்குக் கீழே பச்சைத் தாள். அதற்கும் கீழே ரோஜாப்பூ போட்ட தாள். உரித்து முடித்துப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால்...

ஆமாம், நீங்களே சொல்லிவிட்டீர்கள். மேல் பரண். இடது ஓரம்!

பத்து வருஷம் ஐயா! எத்தனை மேடை ஏறியிருக்கும் அந்தப் பெட்டி! எத்தனை மாப்பிள்ளைகளோடு போட்டோவில் நின்றிருக்கும்! தாளை எண்ணிப் பார்த்தால் எங்களுக்குப் பிறகு குறைந்தது மூன்று வீடு. மூன்று வீட்டிலும் ஒரு தாய், விசேஷம் முடிந்த அசதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "லெமன் செட்டா, மேல தூக்கி வைடா" என்று சொல்லியிருப்பார். எந்த வீட்டுப் பையனோ ஸ்டூல் போட்டு ஏறி வைத்திருப்பான். இறக்கினோம், சுற்றினோம், கொடுத்தோம், ஏற்றினோம். இத்தனை வருஷத்தில் அந்த ஜக்கு ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தைப் பார்க்கவில்லை. கோடையில் வந்த விருந்தாளிகளுக்கு எல்லா வீட்டிலும் எவர்சில்வர் டம்ளரில்தான் ஜூஸ் கொடுத்திருப்பார்கள். ஏனென்றால் கண்ணாடி டம்ளர் பரணில் பத்திரமாக இருந்தது.

அந்த அறந்தாங்கிச் சொந்தத்தின் மேல் எங்களுக்கு ஒரு துளிகூடக் கோபம் இல்லை. அவர்களுக்கும் அது மாதக் கடைசியாக இருந்திருக்கும். அவர்கள் வந்ததுதான் எங்களுக்குச் சந்தோஷம். பெட்டி அவர்களுக்கும் பாரம், எங்களுக்கும் பாரம்.

சரி, இப்போது எதிரணி அண்ணனுக்கு வருகிறேன். அண்ணன் என்ன சொன்னார்? "பழம் கொடுத்தால் மூன்று நாளில் அழுகும், பணம் கொடுத்தால் மூன்று மணி நேரத்தில் செலவாகும், பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுத்தால் மூன்று தலைமுறைக்கு நிற்கும். இவர்கள் சொல்கிற பரிசு, கஞ்சத்தனத்துக்குக் கட்டிவிட்ட ஜரிகை வேட்டி" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நல்ல வரிதான். ஆனால் அண்ணன், அந்த மூன்று தலைமுறைப் பாத்திரம் இப்போது எங்கே இருக்கிறது என்று நான் காட்டுகிறேன், வாருங்கள்.

காரைக்குடிக்குப் போங்கள். முனீஸ்வரன் கோயில் தெரு என்று கேளுங்கள். அந்தத் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளில் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த சாமான்களை ஒரு காலத்தில் வீடு நிறையப் பரப்பி வைப்பார்கள். பித்தளை, வெண்கலம், எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, மரவை. தன் மகளுக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று ஒரு அப்பா கப்பலில் போய்ச் சம்பாதித்து வாங்கியது. அதெல்லாம் இன்றைக்கு அந்தத் தெருவில் விலைக்கு இருக்கிறது. குற்றம் சொல்வதற்கு இதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள், அடுக்குமாடியில் அண்டாவை எங்கே வைப்பது?

நான் அந்தத் தெருவில் ஒரு பித்தளைத் தூக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் முன்னெழுத்து, பேர் எல்லாம் வெட்டியிருந்தது. வெளியூரில் இருந்து வந்தவர்கள் பூ வைக்க நன்றாக இருக்கும் என்று வாங்கிப் போகிறார்கள். பேர் நின்றதுதான் அண்ணன், நான் மறுக்கவில்லை. ஆனால் அது யார் பேர் என்று கேட்டால் சொல்ல அந்தக் கடையில் ஆள் இல்லை. எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு கனத்துவிட்டது.

இப்போது வீடு எவ்வளவு? கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கட்டுகிற வீடு 360 சதுர அடி. அதில்தான் அடுப்பங்கரை, படுக்கை, பிள்ளை படிக்கிற இடம் எல்லாம். அந்த வீட்டுக்கு நான் ஒரு டின்னர் செட்டைத் தூக்கிக்கொண்டு போனால், அந்தப் பிள்ளை படிக்கிற மூலையைப் பிடுங்கிக்கொண்டுதான் வைக்க முடியும். பிரியத்தோடு கொடுத்தாலும் பிடுங்கியது பிடுங்கியதுதான்.

பணம் மூன்று மணி நேரத்தில் செலவாகும் என்றாரே அண்ணன், ஆலங்குடி, கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் வந்து பாருங்கள். மொய் விருந்து. ஒரே பந்தலில் பல பேர் சேர்ந்து ஆட்டுக்கறி விருந்து வைப்பார்கள். சாப்பிட வந்தவர்கள் வைக்கிற மொய்யை ஊர், பேர், தொகை என்று நோட்டில் எழுதுவார்கள். அந்தப் பணத்தில் போர்வெல் போட்டவர்கள் உண்டு, பிள்ளையைக் காலேஜில் சேர்த்தவர்கள் உண்டு, வட்டிக்கடையில் கிடந்த நகையை மீட்டவர்கள் உண்டு. திருப்பிச் செய்ய முடியாமல் திண்டாடுகிறவர்களும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்தப் பணம் ஒரு பரணையும் அடைக்கவில்லை.

பழம் அழுகும் என்றாரே! அதியமான் ஔவைக்கு என்ன கொடுத்தான்? பெயர் பொறித்த பொற்கிண்ணமா கொடுத்தான்? ஒரு நெல்லிக்கனி. சாப்பிட்டால் நெடுநாள் வாழலாம் என்ற கனியை, அந்த மகிமையைச் சொல்லாமலே கொடுத்தான். சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருக்க மாட்டார், "நீயே சாப்பிடு" என்றிருப்பார். கனி அன்றைக்கே தீர்ந்துபோனது. ஔவை பாடியது இன்றைக்கும் புறநானூற்றில் இருக்கிறது. தகடூர் மன்னன் கட்டியது ஜரிகை வேட்டியா அண்ணன்?

நம் ஆட்கள் தாம்பூலம் என்று எதை வைத்தார்கள்? வெற்றிலை மென்றால் தீர்ந்தது. தேங்காய் மறுநாள் துவையல். மஞ்சள் குளிக்கிற இடத்துக்குப் போகும். பை இருக்கிறதே, அது காய்கறிக் கடைக்குப் போகும். 2021 டிசம்பரில் அரசாங்கமே மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் தொடங்கியது. நாம் என்ன செய்கிறோம்? கொலுவுக்கு வந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் டப்பா கொடுக்கிறோம். ஒன்பது நாளில் ஒன்பது டப்பா! மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம்.

"அப்போ என்னதான் கொடுக்கிறது?" என்று முன்வரிசை அக்கா கேட்கிறார்கள். முதலில் விசேஷ வீட்டுக்காரர்களையே கேளுங்கள் அக்கா. "என்ன வேணும்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பெண் குழந்தை பிறந்த வீடா? தபால் ஆபீஸில் செல்வமகள் கணக்கு 250 ரூபாயில் தொடங்கலாம். அப்பா அம்மா தொடங்கட்டும், முதல் தவணை உங்களுடையதாக இருக்கட்டும். பாஸ்புக் இரண்டு விரல் கனம்கூட இல்லை. தனியாக இருக்கிற பெரியவரா? ஒரு சிலிண்டருக்குப் பணம் கட்டுங்கள், கண் டாக்டரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்து கூட்டி வாருங்கள். வெளியூரில் இருந்து வருகிறீர்களா? கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். அதைவிட என்ன கௌரவம் வேண்டும்? வாங்கி வாருங்கள். பிள்ளைகள் தின்று தீர்த்துவிட்டுத் தாளைக்கூட நக்கிவிடும்.

மணி அடிக்கக் கையை எடுத்துவிட்டீர்கள் ஐயா, இரண்டே நிமிடம். லெமன் செட் கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி பெட்டியின் அடியில் எழுத்தைப் பார்த்து நாங்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. பேசாமல் ஜக்கைக் கழுவினார், டம்ளரைக் கழுவினார், வாசலில் திருஷ்டிக்கு வாங்கியதில் மிச்சம் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். ஆறு டம்ளர், பதினோரு பேர். மாற்றி மாற்றிக் குடித்தோம். முதல் டம்ளரை எடுத்துக்கொண்டு அம்மா வாசலுக்குப் போனார். அங்கே எச்சில் இலையை அள்ளிக்கொண்டிருந்த ஒருவர் கையில் கொடுத்தார்.

அவர் அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். சைக்கிள் கடை வைத்திருந்தார். நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா கல்யாணத்துக்கு அவர் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்க இல்லை. அக்கா சென்னைக்குப் போன பிறகு எங்கள் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். சோறு இறங்கவில்லை. அன்றையில் இருந்து அந்த மாமா தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து திண்ணையில் அப்பா பக்கத்தில் உட்காருவார். கையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. சில நாள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் கடலையை உரித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு மாதத்துக்கு மேல் இப்படி. ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் இருந்து அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்த அம்மா குழவியை நிறுத்திவிட்டார்.

2011-ல் அப்பா தவறிப்போன பிறகுதான் அக்கா கல்யாணத்து மொய் நோட்டை நான் எடுத்துப் பார்த்தேன். ஊர், பேர், தொகை. திருப்பிச் செய்தவுடன் அந்த வரியை அடித்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். எல்லா வரியும் அடித்திருந்தது. கடைசிப் பக்கத்தில், எல்லா எழுத்துக்கும் கீழே, நீலப் பேனாவில் அம்மா கையெழுத்து. உள்ளூர். சைக்கிள் கடைக்காரர் பேர். தொகை எழுதுகிற இடம் காலி. அந்த ஒரு வரியை மட்டும் அடிக்கவில்லை.

அவர் மகள் கல்யாணத்துக்கு அம்மா நான்கு நாள் முன்னாலேயே போய் முறுக்கு சுட்டார், அரிசி புடைத்தார், ராத்திரி அங்கேயே படுத்தார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதனால் கேட்டேன். "நீதான் நாலு நாள் போயி அவ்வளவு வேலை பார்த்தியேம்மா, இந்த வரியையும் அடிச்சிரலாம்ல?"

அம்மா நோட்டை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டார்.

"அது எப்படிடி தீரும்?"

நோட்டு மட்டும் பொருள் இல்லையா என்று அண்ணன் கேட்பார். கேட்கட்டும் ஐயா. அது அம்மா தலையணைக்குக் கீழே இருக்கிறது. வணக்கம்.