நுனியைத் தொடாதீங்க: நார்ட்மன் ஃபிர் மரம் வளர்க்கும் முறை

[காட்சி: மூடுபனிக்குள் ஒரு மர உச்சி. கேமரா மெதுவாகக் கீழே இறங்குகிறது.]

60 மீட்டர். கிட்டத்தட்ட 20 மாடி உயரம். காகஸஸ் மலைக் காட்டுல நார்ட்மன் ஃபிர் இந்த உசரத்துக்குப் போகும். டென்மார்க் தோட்டங்கள்ல கிறிஸ்துமஸுக்காக வளர்க்கிறதும் பெரும்பாலும் இதே மரம்தான். நம்ம ஊர் நர்சரியில கிறிஸ்துமஸ் மரம்னு தர்றது அராகேரியா, அது வேற சாதி.

[காட்சி: கயிறு கட்டி மரமேறும் ஒருவர்.]

விதை பெரும்பாலும் ஜார்ஜியா நாட்டுல அம்ப்ரோலாவுரி பக்கத்துக் காடுகள்லேர்ந்து வருது. செப்டம்பர்ல உச்சி வரைக்கும் ஏறித்தான் காய் பறிக்கணும். கீழே விழுந்ததைப் பொறுக்கினா என்ன? விழாதே! பைன் காய் முழுசா விழும். ஃபிர் காய் கிளைமேல மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து நிக்கும், முத்தினதும் அங்கேயே செதில் செதிலா உதிர்ந்திடும். நடுக்குச்சி மட்டும் மிஞ்சும்.

அந்த விதையை ஈரத்தோட சில வாரம் குளிர்ல வைக்கணும். பனிக்காலம் முடிஞ்சதுன்னு நம்பினாத்தான் முளைக்கும். அப்புறம் பொறுமை. 2 மீட்டர் வளரவே 8, 10 வருஷம் ஆகும். முதல்ல வேர்தான் ஆழமா இறங்குது. அதனால பெரிய மரமா வாங்கி நடாதீங்க, சின்னக் கன்னே போதும்.

[காட்சி: தண்ணீர் நிரப்பிய குழி.]

இடம் பார்க்கிறப்போ ஒரு குழி வெட்டி தண்ணி ஊத்துங்க. மறுநாளும் நிக்குதா? அங்க வேண்டாம். லேசான புளிப்புத்தன்மை உள்ள மண்ணு பிடிக்கும், ஆனா தண்ணி தேங்கினா வேர் அழுகிடும். பள்ளமான இடமும் கூடாது. குளிர்காத்தும் தண்ணி மாதிரிதான், பள்ளம் தேடி இறங்கும். வசந்தத்துல வர்ற கடைசி உறைபனி ஒரே ராத்திரியில புதுத் தளிரைக் கருக்கிடும்.

முதல் ரெண்டு மூணு கோடைக்கு நல்லாத் தண்ணி விடுங்க. அடியில புல் மண்ட விடாதீங்க, மரத்தூள் பரப்பலாம், தண்டுல ஒட்டாம.

[காட்சி: நுனி மொட்டு, மிக அருகில்.]

இதுதான் முக்கியம். மரம் நேரா மேல போறது இந்த ஒரே நுனித் தண்டாலதான். அழகு பண்றேன்னு கத்தரிக்கோல் எடுத்துட்டுப் போகாதீங்க. மனுஷனை விட்டா அடுத்த எதிரி பறவை! உசரமான இடம்னு இளந்தண்டு மேல வந்து உக்காரும், தண்டு ஒடிஞ்சிடும். அதனால தோட்டக்காரங்க நுனியைவிட உசரமா ஒரு குச்சி நட்டு வைப்பாங்க, பறவை அதுல உக்காந்துக்கும்.

ஒடிஞ்சே போச்சா? பக்கத்துல திடமா இருக்கிற ஒரு தளிரை நிமிர்த்தி, குச்சியோட தளர்வாக் கட்டுங்க. போட்டிக்கு வர்ற மத்ததைக் கிள்ளிடுங்க. ஒண்ணு ரெண்டு வருஷத்துல அது தலைமை ஏத்துக்கும். அப்புறம் மறக்காம கட்டை அவுத்திடுங்க, இல்லேன்னா கயிறு பட்டையை அறுத்திடும்.