சொரசொரப்பான தோல் பூட்ஸைப் பேணுவது

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். கட்டுமானத் தளத்திலும் பட்டறையிலும் நாள் முழுவதும் பாதத்தைக் காக்கிற தோல் பூட்ஸை, அதிலும் மேற்புறம் வழவழப்பாக இல்லாமல் தொட்டால் சொரசொரவென்றிருக்கும் வகையை, வீட்டிலேயே எப்படிச் சுத்தம் செய்து பதமாக வைத்துக்கொள்வது என்று சொல்ல வந்திருக்கிறேன். பளபளக்கும் ஷூவுக்குக் காட்டுகிற அக்கறையில் பாதிகூட இந்த பூட்ஸுக்குக் கிடைப்பதில்லை. வேலைக்குப் போடுவதுதானே என்று அழுக்கோடு விட்டுவிடுகிறோம். அல்லது ஒரு நாள் மனம் பொறுக்காமல் குழாயடியில் வைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுகிறோம். இரண்டுமே தோலுக்குக் கெடுதல்.

முதலில் அந்தச் சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மாட்டுத் தோலில் மயிர் இருந்த பக்கம் ஒன்று, சதையோடு ஒட்டியிருந்த பக்கம் ஒன்று. முழுத்தோலைத் திருப்பி, சதைப்பக்கம் வெளியே தெரியும்படி தைத்தால் அது ரஃப் அவுட். மயிர்ப்பக்கத்தைச் சீவி எடுத்தபின் மிஞ்சும் அடித்தோலில் செய்வது சூயிட், அது மெலிது. மயிர்ப்பக்கத்தையே உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தெடுப்பது நூபக். கடும் உழைப்புக்கு ஏற்றது ரஃப் அவுட்தான், ஏனென்றால் நெருங்கிப் பின்னிய நார்களையுடைய மயிர்ப்பக்கம் உள்ளே பத்திரமாக இருக்க, உராய்வையெல்லாம் சதைப்பக்கம் ஏற்றுக்கொள்கிறது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கத் தரைப்படை 1943-ஆம் ஆண்டு மாதிரிப் போர் பூட்ஸை இப்படித் திருப்பிய தோலில்தான் செய்தது. உங்களுடையது எந்த வகை என்று தெரிய வேண்டுமானால், உள்துணி இல்லாத இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். உள்பக்கம் வழவழவென்றிருந்தால் அது ரஃப் அவுட்.

இந்த மூன்று வகைக்கும் பொதுவான முதல் வேலை, ஈரம் படாமல் பிரஷ் போடுவது. துவாலையின் நூல் பிசிறுகளைப் போல இந்தத் தோலின் மேல் நார்ப் பிசிறுகள் நிற்கின்றன. தூசியும் மணலும் அவற்றுக்குள் புகுந்துகொண்டு, நாம் நடக்கும்போது விரல் மடங்கும் இடத்தில் நார்களை அறுத்துக்கொண்டேயிருக்கும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் தூசி சேறாகி இன்னும் ஆழத்துக்குப் போகும்.

எனக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வேலை முடிந்ததும் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, லேஸை முழுவதுமாக உருவி எடுத்துவிட்டு, பையிலிருந்து ஒரு நைலான் பிரஷ்ஷை எடுப்பார். முதலில் நாக்குப் பகுதியின் மடிப்பு, அடுத்து மேல்தோலும் அடிப்பாகமும் சேரும் தையல் இடுக்கு, கடைசியில்தான் நம் கண்ணுக்குத் தெரிகிற முன்பக்கம். வண்டி கிளம்பப் போகிறது என்று மற்றவர்கள் கூப்பிடுவார்கள். அவர் எழுந்திருக்க மாட்டார். “இன்றைக்குத் தட்டினால் தூசி, நாளைக்குத் தட்டினால் கல்” என்பார். அவருடைய பூட்ஸுக்கு அடிப்பாகம் தேய்ந்து மாற்ற வேண்டி வந்தபோதும் மேல்தோல் உறுதியாக இருந்தது. கூட வேலை செய்தவர்களின் பூட்ஸ் அதற்கு முன்பே விரல் மடங்கும் இடத்தில் வெடித்துவிட்டது. காரணம் இதுதான்: ஈரச் சிமென்ட் கடும் காரத்தன்மை உடையது; அதன் பி.எச். என்னும் அமில-கார அளவு 12-க்கும் மேல். பதனிட்ட தோலோ ஏறத்தாழ 4 பி.எச். உள்ள, மிதமான அமிலத்தன்மை கொண்ட பொருள். வியர்வை ஈரத்தில் சிமென்ட் கரைந்து ஊறினால் தோல் விறைத்து, பிறகு வெடிக்கிறது. சாதாரணச் சோப்பும் காரம் கொண்டதே என்பதால்தான் அதையும் வேண்டாமென்கிறேன்.

பிரஷ் போட்ட பின்பும் சிமென்ட் கறையோ வெள்ளை உப்புத் தடமோ இருந்தால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியை அதில் நனைத்து நன்றாகப் பிழிந்து ஒற்றுங்கள். கறை இருக்கும் இடத்தை மட்டும் நனைத்தால் அதன் ஓரத்தில் புதிய வளையம் விழும். ஆகவே முழு பூட்ஸையும் ஒரே சீராக இலேசாக ஈரப்படுத்துவது நல்லது. எண்ணெய், கிரீஸ் கறைக்குத் தண்ணீரே கூடாது. சோள மாவையோ டால்கம் பவுடரையோ தூவி, இரவு முழுவதும் விட்டு, காலையில் பிரஷ்ஷால் தட்டுங்கள்.

அடுத்தது உலர்த்துவது. ஈரத்தோல், உலர்ந்த தோலைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே சுருங்கிவிடும். சுருங்கியது மறுபடி விரியாது. எனவே அடுப்பு, ஹீட்டர், வெயில் எதன் அருகிலும் வைக்காதீர்கள். உள்ளங்காலுக்கடியில் இருக்கும் அட்டையை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே காகிதத்தைத் திணித்து, அது நனைய நனைய மாற்றி, காற்றோட்டமான நிழலில் ஓரிரு நாள் விடுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் இன்னொரு முறை பிரஷ் போட்டால் படுத்த பிசிறுகள் எழுந்து நிற்கும்.

எண்ணெய்ப் பதம் தருவதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். மெழுகும் கொழுப்பும் கலந்த பசையைத் தடவினால் நிறம் கறுக்கும், பிசிறு படுத்துவிடும், பழைய தோற்றம் திரும்ப வராது. ஆனால் சேற்றிலும் மழையிலும் வேலை செய்பவருக்கு அதுவே சரி என்பது என் உறுதியான கருத்து. நான் சொன்ன அந்தப் போர் பூட்ஸுக்கும் சிப்பாய்கள் டப்பின் என்ற மெழுகுப் பசையைத்தான் பூசினார்கள். நகக்கண்ணளவு பசையை விரல்களுக்கிடையே வைத்து இளக்கி, தையலிலும் மடிப்பிலும் தேய்த்து, பிறகு மற்ற இடங்களில் மெல்லப் பரப்புங்கள். பிசிறு அப்படியே இருக்க வேண்டுமென்பவர்கள் சூயிட்டுக்கென்று விற்கும் கண்டிஷனரை வாங்கிக்கொள்ளலாம். சமையல் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் சிக்கு வாடை வரும்.

நேரம் முடிவதாகச் சைகை வருகிறது. நீர்விலக்கி ஸ்பிரேயைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், பூட்ஸ் நன்றாகக் காய்ந்த பிறகு, வீட்டுக்கு வெளியே, மூச்சில் படாதபடி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்லிய பூச்சாக இருமுறை அடியுங்கள். மெழுகுப் பசை பூசிய பூட்ஸுக்கு அது தேவையில்லை. நன்றி, வணக்கம்.