வடுமாங்காய்ப் போட்டியும் நடுவர் சீட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

மாசி பிறந்தால் மயிலாப்பூர் மாட வீதிகளில் வடு வந்துவிடும். அது ஊறி முடிவதற்குள் ஏதாவது ஒரு குடியிருப்புச் சங்கம் ஊறுகாய்ப் போட்டி அறிவித்துவிடும். இந்தப் போட்டிகளில் ஜாடி வைத்தும் இருக்கிறேன், நடுவராக உட்கார்ந்தும் இருக்கிறேன். எனக்கு ஒரே ஒரு குறை. ஜெயித்தவருக்கு எவர்சில்வர் டப்பா தருகிறார்கள். மற்றவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஒருவரும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் வீட்டிலேயே ஆப்பிள் சைடர் (ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது) போட்டுப் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. அங்கே பி.ஜே.சி.பி. என்ற நடுவர் அமைப்பின் மதிப்பெண் தாள் பிரபலம். மொத்தம் 50. வாசனைக்கு 10, தோற்றத்துக்கு 6, சுவைக்கு 24, மீதி 10 ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு. ஒவ்வொன்றின் கீழும் நடுவர் காரணம் எழுத வேண்டும். பாட்டிலில் எண் மட்டும்தான், பெயர் இருக்காது. நம் ஊரில் ஜாடி மூடியைப் பார்த்தே இது எந்த மாமியுடையது என்று தெரிந்துவிடுகிறது!

சரி, நடுவரின் கருத்தைக் கேட்டாவது வாங்குவோம். ஆனால் நடுவர் சொல்வது நாக்கில் பட்டதை மட்டும்தான். காரணத்தை நாம்தான் தேட வேண்டும். ‘வடு கொழகொழவென்றிருக்கிறது’ என்றால் உப்பு குறைந்திருக்கலாம், அடிபட்ட வடு கலந்திருக்கலாம். சென்னை வெயிலில் இரண்டும் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். ‘மேலே வெள்ளை பூத்திருக்கிறது’ என்றால் வடு உப்புத் தண்ணீருக்கு மேலே நின்றிருக்கிறது, தினமும் குலுக்கிவிடவில்லை. ‘கசக்கிறது’ என்றால் முதலில் கடுகைத்தான் சந்தேகப்பட வேண்டும். அரைத்துச் சேர்த்த புதிதில் கடுகு கசக்கும், நாள் போனால் அடங்கும். போட்டிக்கு முந்தின நாள் கடுகு சேர்த்தால் நல்ல வடுவும் தோற்றுத்தான் போகும்.

இரண்டு நடுவர்கள் முரணாகச் சொன்னால்? ஒருவர் ‘உப்பு தூக்கல்’ என்கிறார், இன்னொருவர் ‘கச்சிதம்’ என்கிறார். எப்படிச் சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். வடுமாங்காய் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளப் போடுவது. அதை வெறும் வாயில் கடித்தால் யாருக்குமே கரிக்கும். அதுவும் பத்து ஜாடி ருசித்து எரிகிற நாக்கு வேறு! நான் நடுவராகப் போனால் முதலில் கேட்பது ஒரு கிண்ணம் தயிர்சாதம்.

கருத்து கையில் வந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். ஒரே கூறு வடுவை இரண்டு ஜாடியாகப் பிரியுங்கள். ஒன்றில் கிலோவுக்கு 150 கிராம் கல்லுப்பு, மற்றதில் 200. விளக்கெண்ணெய், மஞ்சள், மிளகாய், கடுகு எல்லாம் அதே அளவு. எதனால் மாறியது என்று அப்போதுதான் தெரியும்.

எங்கள் சங்கத்தில் இந்த வருஷம் நடுவர்களிடம் சீட்டும் பேனாவும் கொடுத்தோம். ஒருவர் எல்லா ஜாடிக்கும் ‘பிரமாதம்’ என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் அவரைச் சாப்பிட மட்டும் கூப்பிடலாம் என்றிருக்கிறோம்.

வணக்கம்.