ஜாவா ஃபில்டர்: எப்போது எழும்புகிறது, எப்போது போகிறது?

(திரையில்: கொள்முதல் நிலைய வாசலில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்களின் வரிசை)

வணக்கம். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் டெல்டாவில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "கொள்முதலுக்கு டோக்கன் கிடைச்சுதா?" அந்த டோக்கனைப் பதிய ஒரு ஜாவா வெப் ஆப் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வருகிறவர் லாகின் செய்தவரா என்று பார்க்க, ரிக்வெஸ்டுக்குப் பதில் தயாரிக்கும் ஜாவா கிளாஸான சர்வ்லெட்டுக்கு முன்னால், ரிக்வெஸ்டை வழியிலேயே நிறுத்திப் பார்க்கும் ஒரு ஃபில்டர். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்ற சோதனையையும் சிலர் இதிலேயே திணிப்பார்கள். வேண்டாம், அது சர்வ்லெட்டின் பாடு.

இந்த ஃபில்டரை நாம் எங்கேயும் 'நியூ' போட்டு உருவாக்குவதில்லை. டாம்கேட் போன்ற கன்டெய்னர்தான், அதாவது வெப் ஆப்பை ஓட்டும் சர்வர் மென்பொருள்தான், உருவாக்கும், அதுவே அழிக்கும்.

(திரையில்: இனிட், டூஃபில்டர், டெஸ்ட்ராய்)

கன்டெய்னர் கூப்பிடும் ஃபில்டரின் மூன்று மெத்தடுகள் இவை. ஆப் எழும்பும்போதே, முதல் ரிக்வெஸ்ட் வருமுன், இனிட் ஒரே ஒரு முறை ஓடும். அதில் எக்செப்ஷன், அதாவது ஓடும்போது பிழை, வந்தால் டாம்கேட்டில் ஆப்பே எழும்பாது. நல்லதுதான், தப்பான செட்டிங்கோடு அரைகுறையாக ஓடுவதைவிட அது மேல். 2017இல் வந்த சர்வ்லெட் 4.0 முதல் இனிட்டையும் டெஸ்ட்ராயையும் தேவைப்பட்டால் எழுதினால் போதும்.

அப்புறம் டூஃபில்டர். பொருந்தும் ரிக்வெஸ்ட் ஒவ்வொன்றுக்கும் இது ஓடும். சோதனை சரி என்றால், ரிக்வெஸ்டை அடுத்த ஃபில்டருக்கோ சர்வ்லெட்டுக்கோ அனுப்ப, உள்ளே செயின்.டூஃபில்டரைக் கூப்பிட வேண்டும். மறந்தால், தலைப்பு மதகைத் திறக்காமல் விட்ட கடைமடை வயல் மாதிரி, சர்வ்லெட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. பெரும்பாலும் எரர்கூட வராது, வெறும் வெள்ளைப் பக்கம்தான் வரும். எங்கே கோளாறு என்று தேடியே பொழுது போய்விடும்.

(திரையில்: கிளாஸின் தலையில் 'பிரைவேட் ஸ்ட்ரிங் விவசாயிபெயர்')

இப்போது இந்த வரியைப் பாருங்கள். ஃபில்டரை ஆப்பில் அறிவிக்கும் ஒரு டிக்ளரேஷனுக்கு, ஜாவாவை ஓட்டும் ஒரு ஜேவிஎம்மில் ஒரே ஒரு ஃபில்டர் ஆப்ஜெக்ட்தான். ஆனால் அதற்குள் ஒரே நேரத்தில் பல த்ரெட்கள், அதாவது ஆளுக்கொரு ரிக்வெஸ்டைக் கவனிக்கும் தனித்தனி ஓட்டங்கள், ஓடும். கும்பகோணத்திலிருந்து ஒருவர் பட்டனை அமுக்குகிறார். அவர் பெயர் இந்த ஃபீல்டில், அதாவது கிளாஸின் தலையில் வைத்த வேரியபிளில், உட்காருகிறது. அதைப் படிப்பதற்குள் மன்னார்குடிக்காரர் அமுக்குகிறார், பெயர் மாறிவிடுகிறது. முதல் ஆளின் டோக்கனில் இரண்டாம் ஆளின் பெயர்! நம் கணினியில் ஒற்றை ஆளாகச் சோதிக்கும்போது இது தலைகாட்டவே காட்டாது. பெயரை மெத்தடுக்குள் லோக்கல் வேரியபிளாக வையுங்கள், இல்லாவிட்டால் ரிக்வெஸ்டிலேயே ஆட்ரிபியூட்டாகப் போடுங்கள். இனிட்டில் ஒருமுறை படித்துவிட்டுப் பிறகு மாற்றாத செட்டிங்குகள் மட்டும் ஃபீல்டில் இருக்கலாம்.

கடைசியில் டெஸ்ட்ராய். ஆப்பை நிறுத்தும்போது, உள்ளே இருக்கும் த்ரெட்கள் டூஃபில்டரை விட்டு வெளியேறியபின், அல்லது காத்திருக்கும் கெடு முடிந்தபின், கன்டெய்னர் இதைக் கூப்பிடும். இனிட்டில் திறந்த ஃபைல், தொடங்கிய த்ரெட் எல்லாவற்றையும் இங்கே மூடுங்கள். விட்டுவிட்டால், ஆப்பை மறுபடி மறுபடி டிப்ளாய் செய்யும்போது, அதாவது சர்வரில் ஏற்றும்போது, மெமரி கசியும். டாம்கேட் லாகில் அதற்கான எச்சரிக்கையும் வரும்.

ஆனால் கரண்ட் போனாலோ, சர்வரை அந்த நொடியே கொல்லும் 'கில் மைனஸ் 9' கட்டளையை யாராவது கொடுத்தாலோ டெஸ்ட்ராய் ஓடாது. அதனால் டோக்கன் கணக்கை டெஸ்ட்ராயில் சேமித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காமல், அவ்வப்போதே டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள்.