டெஸ்ட் தோற்கும்போது என்ன சொல்கிறது? ஒரு யூனிட் டெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கின் உள்ளே

[திரை: டெர்மினல். வரிசையாகப் பச்சைப் புள்ளிகள். நடுவில் ஒரே ஒரு சிவப்பு ‘எஃப்’.]

வணக்கம். இந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு யூனிட் டெஸ்ட், அதாவது நிரலின் ஒரு சிறு பகுதி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் குட்டி நிரல். பச்சை என்றால் பாஸ். பச்சையை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை, படிக்க வேண்டிய தேவையும் இல்லை. கண் நேராகப் போய் நிற்பது அந்தச் சிவப்பு எஃப் மேல்தான். அடுத்து வரும் நாலைந்து வரிகளைப் படித்ததுமே தவறு எங்கே என்று புரிந்துவிட்டால், அது நல்ல ஃப்ரேம்வொர்க் (டெஸ்ட்களை ஓட்டி முடிவைச் சொல்லும் கருவி). படித்த பிறகும் நிரலுக்குள் பத்து இடத்தில் பிரிண்ட் போட்டுத் தேட வேண்டியிருந்தால், மற்ற வசதிகள் எத்தனை இருந்தும் பயனில்லை.

இந்த வீடியோவில் அந்த நாலைந்து வரிகளைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அவை எப்படி உருவாகின்றன, பல வருடங்களாக எப்படி மாறி வந்தன, தமிழ் எழுத்தைக் கையாளும்போது எங்கே கைவிடுகின்றன, அதை நாமே எப்படிச் சரிசெய்யலாம் என்று பார்ப்போம்.

[திரை: பைத்தானில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் கேட்கப்படுகிறது. விடை: 5.]

முதலில் சோதிக்க ஒரு நிரல் வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது. நமக்கு மூன்றுதான்: த, மி, ழ். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தும் தனித்தனியாகச் சேமிக்கப்படுவதால் இப்படி ஆகிறது. தமிழில் சொல் விளையாட்டு, அகராதி, எழுத்துப்பிழை திருத்தி என்று எது செய்தாலும் முதல் படியிலேயே இது குறுக்கே வரும். எனவே ‘பிரி’ என்று ஒரு ஃபங்ஷன் எழுதுகிறோம். ஒரு சொல்லைக் கொடுத்தால் எழுத்துகளின் பட்டியலைத் திருப்பித் தர வேண்டும்.

[திரை: அசர்ட் பிரி('தமிழ்') == ['த', 'மி', 'ழ்']]

இதுதான் டெஸ்ட். ‘அசர்ட்’ என்றால், பின்னால் வரும் நிபந்தனை உண்மையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழை எழுப்பு என்று பொருள். இந்த ஒரு வரியை ‘டெஸ்ட்_’ என்று தொடங்கும் பெயருள்ள ஒரு ஃபங்ஷனுக்குள் வைக்கிறோம்.

சரி, இதை ஓட்ட ஃப்ரேம்வொர்க் எதற்கு? நாமே ஒன்று எழுதிப் பார்ப்போம், இருபது வரிக்குள் முடிந்துவிடும். ஃபைலை இம்போர்ட் செய்து, அதிலுள்ள பெயர்களை வரிசையாகப் பார்த்து, ‘டெஸ்ட்_’ என்று தொடங்குபவற்றை எடுத்து, ஒவ்வொன்றையும், பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் ட்ரை பிளாக்குக்குள் அழைக்க வேண்டும். எதுவும் வெடிக்காவிட்டால் ஒரு புள்ளி. அசர்ஷன் பிழை வந்தால் ‘தோல்வி’. வேறு ஏதாவது பிழை வந்தால் ‘கோளாறு’. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது முக்கியம். விடை தவறாக வருவதும், விடை வருவதற்கு முன்பே நிரல் கவிழ்வதும் வேறு வேறு செய்திகள். அப்புறம், ஒரு டெஸ்ட் தோற்றாலும் மற்றவை நிற்காமல் ஓட வேண்டும். கடைசியில் எண்ணிக்கை. அவ்வளவுதான்.

இப்போது வேண்டுமென்றே ‘பிரி’யில் ஒரு பிழையை வைத்து ஓட்டுவோம்.

[திரை: நம் குட்டி ஃப்ரேம்வொர்க்கின் வெளியீடு. ‘அசர்ஷன் பிழை’. அதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.]

பாருங்கள். தோற்றது என்று தெரிகிறது. என்ன விடை வந்தது என்று தெரியவில்லை. பைத்தானின் அசர்ட், நிபந்தனை உண்மையா பொய்யா என்று மட்டும் பார்க்கிறது. சமக்குறிக்கு இடப்பக்கம் என்ன மதிப்பு வந்தது என்பதை அது வைத்துக்கொள்வதில்லை. டெஸ்ட் ஃப்ரேம்வொர்க் எழுதிய எல்லோரும் இந்த இடத்தில் மோதியிருக்கிறார்கள். கிடைத்த தீர்வுகள் மூன்று.

முதல் வழி, ஜாவா மொழியின் டெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கான ஜேயூனிட்டின் வழி. கென்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்காக எழுதிய எஸ்யூனிட்தான் இதற்கு மூதாதை. 1997இல் ஊப்ஸ்லா என்ற நிரலாக்க மாநாட்டுக்குப் போகும் வழியில், சூரிக்கிலிருந்து அட்லாண்டா செல்லும் விமானத்தில், கென்ட் பெக்கும் எரிக் காமாவும் சேர்ந்து அதன் ஜாவா வடிவத்தை எழுதத் தொடங்கினார்கள். அப்போது ஜாவாவில் அசர்ட் என்ற சொல்லே கிடையாது. 2002இல் 1.4 பதிப்போடுதான் அது வந்தது. ஆகவே ‘அசர்ட்ஈக்வல்ஸ்’ போன்ற மெத்தட்கள் வைத்தார்கள். எதிர்பார்த்த மதிப்பு, வந்த மதிப்பு இரண்டையும் அந்த மெத்தடிடம் கொடுத்துவிடுகிறோம். இரண்டும் கையில் இருப்பதால் ‘இதை எதிர்பார்த்தேன், ஆனால் இது வந்தது’ என்று அதனால் சொல்ல முடிகிறது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. எதிர்பார்த்தது முதலில், வந்தது இரண்டாவது என்று வரிசை உண்டு. மாற்றிக் கொடுத்தாலும் டெஸ்ட் ஓடும், பாஸ் ஆகும். தோற்கும் நாளில் மட்டும் செய்தி தலைகீழாக வரும். 3 வர வேண்டிய இடத்தில் 5 வந்திருக்க, ‘5 எதிர்பார்த்தேன், 3 வந்தது’ என்று சொல்லும். அதை நம்பி ஒருவர் சரியான நிரலைப் போய்த் திருத்துவார். ஜேயூனிட் பயன்படுத்துபவர்கள் கோட் ரிவ்யூவில் இந்த வரிசையைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பேன்.

இதே அமைப்பை ஸ்டீவ் பர்செல் பைத்தானுக்குக் கொண்டுவந்தார். 2001இல் வெளியான பைத்தான் 2.1இல் அது யூனிட்டெஸ்ட் என்ற பெயரில் மொழியோடே சேர்ந்தது. அதன் மெத்தட் பெயர்கள் பைத்தான் வழக்கத்துக்கு ஒட்டாமல் ஜாவா வாடையோடு இருப்பதற்கு இந்த வம்சாவளிதான் காரணம்.

[திரை: இரண்டாவது வழி.]

இரண்டாவது வழி, பைத்தானுக்கான இன்னொரு டெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கான பைடெஸ்ட் ஆரம்பகாலத்தில் எடுத்தது. ஹோல்கர் கிரெகல் தொடங்கிய திட்டம். தனி மெத்தட்கள் வேண்டாம், வெறும் அசர்ட் போதும் என்றார்கள். அப்படியானால் மதிப்புகள் எங்கிருந்து கிடைக்கும்? அசர்ட் தோற்றதும் அதற்குள் இருக்கும் கோவையை (அந்த நிபந்தனையை) இன்னொரு முறை, துண்டு துண்டாக ஓட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலும் வேலை செய்தது. ஆனால் ஒரு வரிசையிலிருந்து மதிப்பை வெளியே எடுக்கும் ‘பாப்’ போன்ற ஒன்று அசர்ட்டுக்குள் இருந்தால்? முதல் முறை 5 வந்து தோற்கும். மறுமுறை ஓட்டும்போது அடுத்த மதிப்பான 3 வந்து, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். இந்தச் சங்கடம் அவர்களுக்கே தெரிந்திருந்ததால், ‘தோற்றது, ஆனால் மறுபடி ஓட்டியபோது தோற்கவில்லை’ என்று ஒரு எச்சரிக்கையே வைத்திருந்தார்கள்.

மூன்றாவது வழி இன்று நாம் பயன்படுத்துவது. 2011இல் பைடெஸ்ட் 2.1இல் பெஞ்சமின் பீட்டர்சன் கொண்டுவந்தார். இதை நான் மிகவும் ரசிக்கிறேன். டெஸ்ட் ஃபைல் இம்போர்ட் ஆகும்போது பைடெஸ்ட் நடுவில் புகுந்துகொள்கிறது. நிரலின் இலக்கண அமைப்பைக் காட்டும் தொடரியல் மரத்தை எடுத்து, ஒவ்வொரு அசர்ட் வரியையும் நீளமான வேறு நிரலாக மாற்றி எழுதுகிறது: இடப்பக்கத்தைக் கணக்கிட்டு ஒரு மாறியில் வை, வலப்பக்கத்தை இன்னொன்றில் வை, ஒப்பிடு, தோற்றால் இரண்டையும் விளக்கமாக அச்சிடு. கோவை ஒரே முறைதான் ஓடுகிறது, எனவே செய்தி உண்மையாக இருக்கிறது. நாம் எழுதியதோ அதே ஒற்றை வரி.

[திரை: பைடெஸ்ட் வெளியீடு. வந்த பட்டியல், எதிர்பார்த்த பட்டியல், வந்த பட்டியல் எந்த அழைப்பிலிருந்து கிடைத்தது என்ற வரி.]

நடைமுறையில் ஒரு விஷயம். இந்த மாற்றியெழுதல் டெஸ்ட் ஃபைல்களுக்கும், பொது அமைப்புகளை வைக்கும் கான்ஃப்டெஸ்ட் ஃபைலுக்கும், கூடுதல் வசதி சேர்க்கும் ப்ளகின்களுக்கும்தான். பல டெஸ்ட்களுக்குப் பொதுவான அசர்ட்களைத் தனி உதவி ஃபைலில் வைத்தால், அங்கே பழைய மொட்டைச் செய்திதான் வரும். ‘ரெஜிஸ்டர் அசர்ட் ரீரைட்’ என்ற அழைப்பில் அந்த ஃபைலின் பெயரை, அதை இம்போர்ட் செய்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

சரி. இப்போது நம் ‘பிரி’க்கு வருவோம். ‘கொடி’ என்ற சொல்லை ஒரு ஃபைலிலிருந்து படித்து, பிரித்து, [‘கொ’, ‘டி’] வருகிறதா என்று பார்க்கிறோம். தோற்கிறது.

[திரை: 0ஆம் இடத்தில் வேறுபாடு: 'கொ' != 'கொ']

இந்த வரியை நிறுத்தி ஒரு முறை படியுங்கள். கொ என்பது கொ அல்ல என்கிறது. பைடெஸ்ட் சொல்வது பொய் இல்லை. ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 3018 என்ற ஒரே எண்ணாக எழுதலாம். அல்லது எகரக் கொம்பு 3014, பிறகு கால் 3006 என்று இரண்டாக எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே உருவம், கணினிக்கு வேறு வேறு சரங்கள் (எழுத்துத் தொடர்கள்). எந்தக் கருவியில் தட்டினோம், எந்த மாற்றி வழியாக வந்தது என்பதைப் பொறுத்து இரண்டில் எதுவும் ஃபைலில் இருக்கலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான்.

தீர்வு கஷ்டமில்லை. பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் ‘நார்மலைஸ்’ இருக்கிறது. என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்தைக் கேட்டால் இரண்டாக இருப்பதை ஒன்றாக்கித் தரும். ‘பிரி’யின் முதல் வரியில் அதைப் போட்டால் டெஸ்ட் பாஸ். ஆனால் அந்தச் செய்தியை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? யூனிகோட் பழக்கமில்லாத ஒருவருக்கு அரை நாள் போய்விடும். ஆகவே ஃப்ரேம்வொர்க்கையே திருத்துவோம்.

அதற்காக பைடெஸ்ட் மூல நிரலைத் தொட வேண்டியதில்லை. பைடெஸ்ட்டின் பெரும்பகுதி உள்ளுக்குள்ளும் ப்ளகின்களாகவே கட்டப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் ‘யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா’ என்று கேட்கும். அந்த இடங்களுக்கு ஹுக் என்று பெயர். ஒப்பீடு தோற்றதும் கூப்பிடப்படும் ஹுக் ‘பைடெஸ்ட்_அசர்ட்ரெப்ர்_கம்பேர்’. ஒப்பீட்டுக் குறி, இடது மதிப்பு, வலது மதிப்பு மூன்றும் நமக்கு வரும். விளக்க வரிகளின் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தால் அதைக் காட்டும், ஒன்றும் கொடுக்காவிட்டால் தன் வழக்கமான செய்தியைக் காட்டும்.

[திரை: கான்ஃப்டெஸ்ட் ஃபைலில் ஹுக் எழுதப்படுகிறது.]

நாம் எழுதுவது இதுதான். குறி சமக்குறியா? சரங்களுக்குள் தமிழ் எழுத்து இருக்கிறதா? இருந்தால் இரண்டு பக்கமும் யூனிகோட் எண்களாக அச்சிடு. என்எஃப்சி ஆக்கிய பிறகு இரண்டும் சமம் என்றால், ‘உருவம் ஒன்று, குறியீடு வேறு’ என்று ஒரு வரி கூடுதலாகச் சொல்.

[திரை: இடது: 2965, 3014, 3006. வலது: 2965, 3018. உருவம் ஒன்று, குறியீடு வேறு.]

எண்களை எப்போதும் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. ‘கௌ’ என்று எழுத வேண்டிய இடத்தில் ககரம், எகரக் கொம்பு, அப்புறம் ளகர எழுத்து என்று பலர் தட்டிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இதை என்எஃப்சி சரிசெய்யாது, ஏனென்றால் யூனிகோடுக்கு அது உண்மையிலேயே ‘ள’. 2995 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும்.

நாம் ஃப்ரேம்வொர்க்கில் ஒரு பகுதி எழுதிவிட்டோம். அதற்கும் டெஸ்ட் வேண்டும். தோல்விச் செய்தியைச் சோதிக்க வேண்டுமானால் ஒரு டெஸ்ட் தோற்க வேண்டும், ஆனால் நம் டெஸ்ட் பாஸ் ஆக வேண்டும். பைடெஸ்ட் தன்னைத் தானே சோதிக்க வைத்திருக்கும் ‘பைடெஸ்டர்’ இதற்குத்தான். தற்காலிக ஃபோல்டரில் நம் ஹுக்கையும், தோற்கவேண்டிய ஒரு டெஸ்ட் ஃபைலையும் வைத்து, உள்ளே இன்னொரு பைடெஸ்ட்டை ஓட்டி, அதன் வெளியீட்டை நம்மிடம் தருகிறது. ஒன்று தோற்றதா, வெளியீட்டில் 3018 இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இது மற்றவர்களுக்கும் வேண்டும் என்றால் தனி பேக்கேஜாக வெளியிடுங்கள். பேக்கேஜ் தன்னை அறிவிக்கும் இடமான ‘பைடெஸ்ட்11’ என்ற என்ட்ரி பாயின்ட்டில் பெயரைப் பதிந்தால், பைத்தானின் நிறுவும் கருவியான பிப் வழியாக நிறுவிய உடனே பைடெஸ்ட் தானாக எடுத்துக்கொள்ளும். பைடெஸ்ட் எம்ஐடி உரிமத்தில் இருப்பதால் உங்கள் ப்ளகினுக்கு எந்த உரிமம் வேண்டுமோ அதை வைக்கலாம். ஒரு மொழிக்கோ ஒரு துறைக்கோ மட்டும் வேண்டிய வசதி ப்ளகினாகவே இருப்பது நல்லது என்பது என் எண்ணம். எல்லோருக்கும் தேவை என்று உறுதியாகத் தெரிந்தால் மூலத் திட்டத்துக்கே அனுப்பலாம். அங்கே மாற்றத்தோடு டெஸ்ட்டையும், மாற்றங்களைக் குறித்துவைக்கும் சேஞ்ச்லாக் ஃபோல்டரில் ஒரு சின்னக் குறிப்பு ஃபைலையும் எதிர்பார்ப்பார்கள்.

இந்தச் செய்தி உங்கள் டெர்மினலோடு நிற்பதில்லை. ஜேயூனிட் எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் முடிவுகளை எழுதச் சொன்னால் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ், கிட்லேப் போன்றவை அதைப் படித்துக் காட்டும். நாம் சேர்த்த எண்கள் அங்கேயும் வந்துவிடும்.

[திரை: ஓப்பன்-தமிழ் திட்டத்தின் ஃபோல்டர் பட்டியல்.]

நாம் விளையாட்டாக எழுதிய ‘பிரி’யின் முழுமையான வடிவம் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற திறமூலப் பைத்தான் நூலகத்தில் இருக்கிறது. அதன் டெஸ்ட் ஃபைல்களைத் திறந்து பாருங்கள். கொ, கோ, கௌ மூன்றுக்கும் இரண்டு வடிவங்களிலும் டெஸ்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாத ஒன்று கண்ணில் பட்டால், அதை எழுதி, ஓட்டி, பாஸோ ஃபெயிலோ என்ன வந்தது என்று சொல்லி, உங்கள் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள்.