லாபம் ஏட்டில், காசு வெளியில்

பெரியோர்களே, பட்டறை நடத்தும் நண்பர்களே, நாளை தொழில் தொடங்கலாம் என்ற எண்ணத்தோடு வந்திருக்கும் இளைஞர்களே, வணக்கம்.

ஒரு சிறு தொழில் ஏன் மூடப்பட்டது என்று கேட்டால், ஆர்டர் இல்லை, ஆள் கிடைக்கவில்லை, போட்டி தாங்கவில்லை என்று பதில் வரும். இவை எல்லாம் உண்மைதான். ஆனால் கை நிறைய ஆர்டர் இருக்கும்போதே பூட்டுப் போடும் பட்டறைகளும் உண்டு. அந்த மரணம் எப்படி நடக்கிறது என்று திருப்பூர் பனியன் தொழிலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் சந்தைக்குச் சந்தை மாறும். நான் எடுப்பது எளிதாகப் பெருக்கிப் பார்க்க வசதியான எண்கள்.

பத்தாயிரம் டி-ஷர்ட். உள்நாட்டு பிராண்டு ஒன்றின் ஆர்டர். ஒன்றுக்கு 150 ரூபாய், மொத்தம் 15 லட்சம். கட்டிங் கழிவும் சேர்த்து ஒரு டி-ஷர்ட்டுக்கு 240 கிராம் துணி என்றால் 2,400 கிலோ துணி வேண்டும். சாயம் போட்டு வரும்போது எடை குறையும். அதையும் சேர்த்தால் 2,600 கிலோ நூல் வாங்க வேண்டும். கிலோ 260 ரூபாய் என்றால் நூலுக்கு மட்டும் 6,76,000. நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் கூலி கிலோவுக்கு 15 வீதம் 39,000. சாயமும், துணி பிறகு சுருங்காதபடி அமுக்கும் காம்பாக்டிங்கும் கிலோவுக்கு 100 வீதம் 2,60,000. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஒன்றுக்கு 30 வீதம் 3,00,000. லேபிள், நூல்கண்டு, பாலிபேக், அட்டைப்பெட்டிக்கு 50,000. ஆக 13,25,000. வாடகை, மின்சாரம், சூப்பர்வைசர் சம்பளம் ஆகியவற்றில் இந்த ஆர்டரின் பங்கு 75,000 என்று வையுங்கள். செலவு 14 லட்சம், லாபம் 1 லட்சம். ஏடு இதைத்தான் சொல்லும்.

இனி நாட்களை எண்ணுவோம். நூல் வாங்கிய நாளிலிருந்து சரக்கு லாரி ஏற 40 நாள். பார்ட்டி, அதாவது ஆர்டர் கொடுத்தவர், பணம் தருவது சரக்கு போய்ச் சேர்ந்து 90 நாள் கழித்து. ஆக 130 நாள். நூலுக்கு முதல் வாரமே பணம் போகிறது, தையல் கூலி வாரா வாரம் சனிக்கிழமை போகிறது. சராசரியாகப் பார்த்தால் நம் 14 லட்சம் ஏறத்தாழ 110 நாள் வெளியில் கிடக்கிறது. வங்கியில் 12 சதவீத வட்டிக்கு எடுத்த பணம் என்றால் இதற்கு வட்டி ஐம்பதாயிரத்துச் சொச்சம். லாபத்தில் பாதி. வெளியில் இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய்க்கு வாங்கிய பணம் என்றால் ஒரு லட்சத்து ஆயிரத்துச் சொச்சம். லாபம் முழுவதும் போய்விட்டது. துணியில் குறை இல்லை, தையலில் குறை இல்லை, பார்ட்டி ஏமாற்றவும் இல்லை. பேசியபடி 90 நாளில் பணம் வந்தும் இந்த நிலை.

இதைவிட ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது. நாற்பது நாளுக்கு ஒரு ஆர்டர் ஓடினால், முதல் ஆர்டர் பணம் கைக்கு வரும் 130ஆம் நாளுக்குள் மூன்று ஆர்டர் பணம் ஒரே நேரத்தில் வெளியில் நிற்கும். மூன்று பதினான்கு 42 லட்சம். பார்ட்டி சந்தோஷப்பட்டு ஆர்டரை இரட்டிப்பாக்கினால் 84 லட்சம். ஆர்டர் இரட்டிப்பாகும் அதே மாதத்தில் லாபமும் இரட்டிப்பாகி கைக்கு வந்துவிடாது. தேவை இன்றைக்கு, வரவு நான்கு மாதம் கழித்து. தொழில் நன்றாக வளரும் ஆண்டில்தான் பல பட்டறைகள் சம்பளம் போட முடியாமல் தடுமாறுகின்றன. இந்தக் கணக்கைப் போடாமல் பெரிய ஆர்டருக்குத் தலையாட்டாதீர்கள் என்று இங்குள்ள இளைஞர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

வங்கி கொடுக்காதா என்றால், கொடுக்கும், ஒரு அளவுக்கு. சிறு தொழில்களுக்கு நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடம் தொழிலை ஓட்ட வேண்டிய பணம், கணக்கிட ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு வகுத்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆண்டு விற்பனை மதிப்பீட்டில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை, அதில் 20 வங்கி தரும், 5 நாம் போட வேண்டும். நம் பட்டறைக்கு ஆண்டுக்கு 9 ஆர்டர், விற்பனை 1 கோடியே 35 லட்சம். வங்கி 27 லட்சம், நம் பங்கு 6 லட்சத்து 75 ஆயிரம், மொத்தம் 33 லட்சத்து 75 ஆயிரம். நமக்கு வேண்டியது 42 லட்சம். துண்டு விழுவது எட்டு லட்சத்துக்கு மேல். ஏன்? 25 சதவீதம் என்பது ஆண்டில் கால் பங்கு. பணம் மூன்று மாதத்தில் சுற்றி வந்துவிடும் என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. நம் பணம் சுற்றி வர 130 நாள் ஆகிறது. துண்டு விழும் அந்த எட்டு லட்சம்தான் இரண்டு வட்டிக்காரரிடம் போய் நிற்கிறது. ஆகவே வங்கிக்குப் போகும்போது விற்பனை மதிப்பீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். நூல் எத்தனை நாள், சாயத்தில் எத்தனை நாள், தையலில் எத்தனை நாள், பாக்கி எத்தனை நாள் என்று கடந்த ஆண்டின் பில்களோடு எழுதி எடுத்துப் போங்கள். நம் பணச் சுழற்சி நீளமானது என்பதைக் காட்டினால் கூடுதல் வரம்பு கேட்க வழி உண்டு. அடமானச் சொத்து இல்லையே என்றால், சிறு தொழில் கடனுக்கு வங்கியிடம் பொறுப்பேற்கும் சிஜிடிஎம்எஸ்இ (CGTMSE) என்ற அறக்கட்டளையின் உத்தரவாதம் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அதன் வரம்பு 10 கோடி. பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. கேஷ் கிரெடிட், அதாவது சரக்கையும் பாக்கியையும் காட்டி வரம்புக்குள் எடுத்துக்கொள்ளும் வங்கிக் கடன், வைத்திருப்பவர்கள் மாதந்தோறும் அந்தச் சரக்கு, பாக்கிப் பட்டியலை ஸ்டாக் ஸ்டேட்மென்ட் என்று வங்கிக்குத் தருகிறீர்கள். தொண்ணூறு நாளைத் தாண்டிய பாக்கியைப் பெரும்பாலான வங்கிகள் அதில் சேர்த்துக்கொள்வதில்லை. பார்ட்டி பத்து நாள் தள்ளினால் போதும், 15 லட்சம் பில் கணக்கிலிருந்து விழும், எடுக்கக்கூடிய தொகை அன்றைக்கே குறையும். எடுத்த பணம் வரம்பை மீறி நிற்கும். அந்த நிலை 90 நாள் தொடர்ந்தால் வாராக்கடன் முத்திரை. பணம் தாமதித்தவர் பார்ட்டி, பெயர் கெடுவது நமக்கு.

அப்படியென்றால் முதல் வேலை அந்த 90 நாளைக் குறைப்பது. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. விகிதம் 5.5 என்றால் வட்டி 16.5 சதவீதம். அரசின் இணையதளத்தில் மனு போட்டால், பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதிக் குழுவுக்குப் போகும். தீர்ப்பை எதிர்த்து பார்ட்டி நீதிமன்றம் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

சட்டம் பலமானது, பயன்படுத்துபவர்கள் குறைவு. காரணம் உங்களுக்கே தெரியும். வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் வராது. அதனால்தான் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் வந்த 43பி(எச்) பிரிவை நான் பெரிதாக மதிக்கிறேன். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு அந்த 45 அல்லது 15 நாள் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், உண்மையில் எந்த ஆண்டில் கொடுக்கிறார்களோ அந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். இங்கே நாம் யார் மீதும் புகார் கொடுக்க வேண்டியதில்லை. மார்ச் 31 நெருங்கும்போது பார்ட்டியின் ஆடிட்டரே கேட்பார்.

ஆனால் அவர் கேட்க வேண்டுமானால் நாம் யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும், ஜிஎஸ்டி கட்டாயமானவர்களுக்கு ஜிஎஸ்டி எண்ணும் போதும். அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். ஜனவரியிலேயே பார்ட்டியின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஒரு கடிதம், சான்றிதழ் நகலோடு. சரக்கு இறங்கியதும் டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். நாட்களை எண்ணத் தொடங்குவது அங்கிருந்துதான். தரத்தில் குறை என்று பார்ட்டி சொல்ல நினைத்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து போனில் சொல்லும் குறைக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. வெறும் வியாபாரம் மட்டும் செய்பவர்களுக்கும் நடுத்தர நிறுவனங்களுக்கும் இந்த வரி விதி உதவாது. உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா, ஆர்டர் தருகிறேன் என்று கேட்கும் பார்ட்டி, பணத்தை எப்போது தரப்போகிறார் என்பதை அப்போதே சொல்லிவிட்டார்.

பார்ட்டி பெரிய நிறுவனம் என்றால், பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் பெறும் ட்ரெட்ஸ் (TReDS) என்ற இணையதளம் இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டும் நிறுவனங்கள் அதில் பதிவு செய்வது கட்டாயம். நாம் பில்லை ஏற்றுகிறோம், பார்ட்டி ஒப்புக்கொள்கிறார், வங்கிகள் ஏலம் கேட்கின்றன, ஓரிரு நாளில் தள்ளுபடி போகப் பணம் வருகிறது. கெடு நாளில் பார்ட்டி வங்கிக்குக் கட்டுவார். கட்டாவிட்டாலும் வங்கி நம்மிடம் திரும்பி வராது. வட்டி அந்தப் பெரிய நிறுவனத்தின் தரத்தைப் பார்த்து நிர்ணயமாவதால் நம் வங்கி வட்டியைவிடக் குறைவாகவே அமையும்.

45 நாள் சட்டமும் ட்ரெட்ஸும் பலிக்காத பார்ட்டியிடம் தள்ளுபடி பேசலாம். 90 நாளுக்குப் பதில் 45 நாளில் கொடு, 2 சதவீதம் கழித்துக்கொள் என்கிறோம். நமக்கு இழப்பு 30,000. இரண்டு வட்டிப் பணத்தில் ஓடும் பட்டறைக்கு அந்த 45 நாள் மிச்சப்படுத்துவது 41,000. லாபம். வங்கிப் பணத்தில் ஓடினால் மிச்சம் 20,000 சொச்சம்தான். நஷ்டம். ஒரே தள்ளுபடி ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷம். அடுத்த பட்டறைக்காரர் செய்வதைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

இனி அந்த ஒரு லட்ச ரூபாய் லாபத்தை விழுங்கும் மற்ற வாய்களைப் பார்ப்போம். நூல் விலை கிலோவுக்கு 40 ரூபாய் ஏறினால் 2,600 கிலோவுக்கு 1,04,000. முடிந்தது கதை. இது கற்பனை இல்லை. 2022 மே மாதத்தில் பஞ்சு ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஓராண்டுக்கு முன் ஏறத்தாழ அதில் பாதி விலை. ஏப்ரலில் மத்திய அரசு 11 சதவீத இறக்குமதி வரியை நிறுத்தி வைத்தும் உடனே விலை இறங்கவில்லை. பழைய நூல் விலைக்கு ஆர்டர் எடுத்தவர்கள் தைத்த ஒவ்வொரு டி-ஷர்ட்டுக்கும் கையிலிருந்து போட்டார்கள். பார்ட்டிக்கு விலை சொல்லும்போது, இந்த விலை ஏழு நாள்தான் செல்லும் என்று எழுதுங்கள். ஆர்டர் உறுதியான அன்றே நூலை புக் செய்யுங்கள். இறங்கும் என்று காத்திருப்பது சூதாட்டம், அது பனியன் தொழில் அல்ல.

அடுத்தது துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. கேட்டது 180, சாயப்பட்டறையிலிருந்து வந்தது 190. தொட்டுப் பார்த்தால் நல்ல துணி, கெட்டியாகவே இருக்கிறது. ஆனால் டி-ஷர்ட்டுக்கு 240 கிராம் போய் 253 கிராம் ஆகிறது. 2,400 கிலோவில் பத்தாயிரம் வராது, 9,500கூடத் தேறாது. ஐந்நூற்றுச் சொச்சம் டி-ஷர்ட் குறைவு, அதன் விற்பனை மதிப்பு எழுபத்தைந்தாயிரத்துக்கு மேல். கட்டிங் மேஜைக்குப் போன பிறகு இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. வட்டமாக வெட்டும் ஜிஎஸ்எம் கட்டர் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு தரும். அதன் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.8 கிராம் என்றால் 180. ஒவ்வொரு லாட்டிலும் ரோல்களின் ஓரத்திலும் நடுவிலும் வெட்டி எடை போட்டுக் குறித்து வைத்தால் துணியைத் திருப்பி அனுப்ப ஆதாரம் கிடைக்கும்.

ஒற்றைப் பார்ட்டியை நம்புவதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது, அமெரிக்க ஆர்டரை மட்டுமே தைத்தவர்களுக்கும் ஐரோப்பா, உள்நாடு என்று பிரித்து வைத்திருந்தவர்களுக்கும் இருந்த வித்தியாசத்தை ஊரே பார்த்தது.

திருப்பூர் சொல்லித்தரும் இன்னொரு பாடம் கசப்பானது. நொய்யல் ஆற்றில் விட்ட சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையையும் கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலத்தையும் கெடுத்தது. கழிவைச் சுத்திகரிக்காமல் மிச்சப்படுத்திய காசு, உண்மையில் அந்த விவசாயிகள் கொடுத்த காசு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயம் நின்றதும் நிட்டிங், தையல் எல்லாம் தடுமாறின. பிறகு கழிவுநீரே வெளியேறாத முறைக்கு மாறி, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தத் தொடங்கினார்கள். தனியொரு பட்டறையால் கட்ட முடியாததை இருபது, முப்பது பேர் சேர்ந்து கட்டினார்கள். செலவு கூடியது, ஆனால் இன்று வெளிநாட்டு பிராண்டுகளிடம் நம்மவர்கள் காட்டும் முதல் தகுதி அதுதான். அந்தச் செலவை முன்பே ஏற்றிருந்தால் நிலமும் பிழைத்திருக்கும், மூடலும் நேர்ந்திருக்காது.

கடைசியாக இரண்டு காகிதங்கள். முதலாவது தீ காப்பீட்டு பாலிசி. 40 லட்சம் சரக்கை 20 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்து, 10 லட்சம் எரிந்தால், கிடைப்பது 10 லட்சம் அல்ல. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு, ஆகவே பாதி இழப்பீடு, 5 லட்சம். பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதியவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். நம் நூலும் துணியும் நிட்டிங்காரரிடமும் பிரிண்டிங்காரரிடமும் கிடக்கும். அந்த முகவரிகள் பாலிசியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே எரிவது நம் கணக்கில்தான் எரியும்.

இரண்டாவது கூட்டு ஒப்பந்தம். அண்ணன் தம்பி, மச்சான் மாமன் சேர்ந்து நடத்தும் தொழில்களே நம்மிடம் அதிகம். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஒரு கூட்டாளி இறந்தால் நிறுவனமே கலைந்துவிடும். மீதமுள்ளவர்கள் தொடரலாம், இறந்தவரின் பங்கை இன்ன முறையில் மதிப்பிட்டு இத்தனை தவணையில் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்று இரண்டு பத்தி எழுதி வைத்தால் தொழிலும் நிற்கும், அந்தக் குடும்பமும் தெருவுக்கு வராது. பதிவாளரிடம் பதிவும் செய்துவிடுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் பார்ட்டி மீது பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. இத்தனை நேரம் பேசிய அந்த 15 லட்சம் பில்லுக்கும் அதே நிலைதான்.