வெள்ளோட்டக் கணக்கை வீட்டுக் கணினியில் ஓட்டலாமா?

அடுத்த கேள்வி கீழக்கரையிலிருந்து வந்திருக்கிறது. "ரொசெட்டா அட் ஹோம், ஐன்ஸ்டைன் அட் ஹோம் ஆகிய திட்டங்களுக்கு என் மடிக்கணினியின் ஓய்வு நேரத்தைக் கொடுத்து வருகிறேன். அவற்றின் சோதனைப் பதிப்புகளிலும் சேரலாமா, அதனால் கணினிக்கு ஆபத்து உண்டா? வீட்டில் இருப்பது ஒரே கணினி, தங்கையின் கல்லூரி வேலையும் அதில்தான் நடக்கிறது" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். ரொசெட்டா புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் திட்டம், ஐன்ஸ்டைன் ஈர்ப்பலைகளையும் துடிப்பு விண்மீன்களையும் தேடும் திட்டம். இரண்டும் தங்கள் கணக்குகளைப் பாயிங்க் என்ற மென்பொருள் வழியாகத் தன்னார்வலர்களின் கணினிகளுக்குப் பிரித்து அனுப்புகின்றன.

புது வள்ளத்தை முதன்முதலாகக் கடலில் இறக்கிப் பார்ப்பதை நம் கரையில் வெள்ளோட்டம் என்கிறோம். அன்று யாரும் வலை, ஐஸ், டீசல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போவதில்லை. சோதனைப் பதிப்பும் அப்படித்தான். ரொசெட்டாவுக்கு ரால்ஃப் என்றும், ஐன்ஸ்டைனுக்கு ஆல்பர்ட் என்றும் தனிச் சோதனைத் திட்டங்கள் ஏற்படுத்தப்பட்டதன் நோக்கமே, புதிய நிரல் எங்கே உடைகிறது என்பதைப் பெருந்திரளான தன்னார்வலர்களிடம் போய்ச் சேருவதற்கு முன்பே கண்டுபிடிப்பதுதான். ஆகவே அங்கே கணக்கு பாதியில் நின்றுபோவதும், பல மணி நேர உழைப்புக்குத் திட்டம் தரும் பாராட்டுப் புள்ளி கிடைக்காமல் போவதும் எதிர்பார்க்க வேண்டியவையே.

வைரஸ் வந்துவிடுமோ என்றுதான் பலரும் முதலில் அஞ்சுகிறார்கள். பாயிங்க் மென்பொருள், திட்டத்தின் மின்னணுக் கையொப்பம் சரியாக இருந்தால்தான் நிரலை ஏற்று இயக்கும். கையொப்பத்துக்கான ரகசியச் சாவியை வலையில் இணைக்காத கணினியில் வைத்திருக்க வேண்டும் என்பது அதை உருவாக்கியவர்கள் திட்டங்களுக்குத் தரும் அறிவுரை. ஆனால் அந்தக் கையொப்பம் நிரலை அனுப்பியவர் யார் என்பதற்குத்தான் சான்று. நிரலில் பிழை இல்லை என்பதற்கு அல்ல.

நம் ஊரில் உண்மையான ஆபத்து வெப்பமும் மின்தடையும்தான். இந்த வகைக் கணக்குகள் செயலியை மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டுகின்றன. உப்புக்காற்றில் இருக்கும் மடிக்கணினிக்கு அது இரட்டைச் சுமை. மண்டபத்தில் என் பழைய மடிக்கணினியைத் திறந்தபோது, விசிறியின் இதழ்களில் தூசி பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தது, அருகிலிருந்த செம்புக் குழாயில் பச்சை நிறத்தில் களிம்பு ஏறியிருந்தது. அந்த நிலையில் எந்தக் கணக்கை ஓட்டினாலும் சூடு ஏறும். சோதனை நிரலில் நினைவகம் கசியும் பிழையும், அதாவது எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராமல் மேலும் மேலும் பிடித்துக்கொள்ளும் பிழையும், சேர்ந்துகொண்டால் கணினி முழுவதுமே திணறிவிடும்.

மின்தடையைப் பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். முறையான நிரல் தன் கணக்கின் நிலையை அவ்வப்போது வட்டில் எழுதி வைக்கும், அதைச் செக்பாயிண்ட் என்கிறோம். புதிய நிரல்களில் அந்தப் பகுதிதான் அடிக்கடி அரைகுறையாக இருக்கும். பேட்டரி செத்துப்போன அந்த மடிக்கணினியில் ஒரு சோதனைக் கணக்கு 91 சதவீதம் வரை வந்திருந்தது, காற்று பலமாக வீசிய இரவில் மின்சாரம் போனது, விடிந்து பார்த்தால் மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பிழை யாருடையது என்பதில் ஐயமில்லை, ஆனாலும் அதைக் கண்டுபிடிக்கத்தானே நான் சேர்ந்திருந்தேன்!

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒரு திட்டத்தின் சோதனை நிரல் பழுதானால் பெரும்பாலும் அந்தக் கணக்கோடு போய்விடும். பாயிங்க் மென்பொருளின் சோதனைப் பதிப்பையே நிறுவினால், நீங்கள் சேர்ந்திருக்கும் எல்லாத் திட்டங்களின் கணக்குகளும் அதன் கையில் இருக்கின்றன. பழைய பதிப்புக்குத் திரும்பும்போது எந்த வேலை எதுவரை வந்தது என்பதைக் குறித்து வைக்கும் நிலைக் கோப்பு ஒத்துப்போகாவிட்டால் கையிலிருந்த வேலைகள் அனைத்தையும் இழக்க நேரிடலாம். அதனால், அதன் தரவுக் கோப்புறையை முழுதாக நகலெடுக்காமல் அந்தச் சோதனைப் பதிப்பைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

கீழக்கரை நேயருக்கு என் பதில்: தங்கையின் பாடவேலை இருக்கும் அந்தக் கணினியில் இப்போதைக்கு வேண்டாம், வழக்கமான திட்டங்களையே தொடருங்கள். வேறு பழைய கணினி கிடைத்தால் சேரலாம். அதில் செயலிக்கும் வட்டுக்கும் வரம்பு வைத்துவிடுங்கள். கைபேசித் தரவில் இணைப்பவராக இருந்தால் தரவிறக்கத்துக்கும் வரம்பு வையுங்கள், ஏனெனில் மெய்நிகர் கணினியில், அதாவது கணினிக்குள் மென்பொருளாலேயே உருவாக்கப்படும் இன்னொரு கணினியில், ஓடும் சில கணக்குகளுக்கு மிகப் பெரிய கோப்புகள் இறங்கும். விலக நினைத்தால் முதலில் புதிய வேலை வேண்டாம் என்பதைத் தேர்ந்து, கையிலிருப்பதை முடித்து அனுப்பிய பிறகு திட்டத்தை நீக்குங்கள்.

பிழையைத் தெரிவிக்கும்போது பாயிங்க் தன் செயல்களைக் குறித்து வைக்கும் நிகழ்வுப் பதிவில் வந்த பிழை எண்ணோடு, கணக்கு தானாக நின்றதா அல்லது மின்சாரம் போனதால் நின்றதா என்பதையும் எழுதுங்கள். அதை எழுதாவிட்டால், இங்கே கம்பி அறுந்ததற்கு அங்கே அவர்கள் நிரலுக்குள் தேடிக்கொண்டிருப்பார்கள்.